போனில் பேசிப் பார்த்தவர் யாராவது உண்டா? (அழைப்பு, மெசேஜ் வசதிகளைச் சோதிப்பது பற்றி)

7 ஜூன் 2025 | கரூர் வாசகரின் கேள்வி

அம்மாவுக்கு ஒரு போன் வாங்க வேண்டும். பேசுவார், வரும் மெசேஜைப் படிப்பார், அவ்வளவுதான். யூடியூபில் விமர்சனமாகப் பார்த்துத் தள்ளிவிட்டேன். கேமரா, கேம், சார்ஜ் ஏறும் வேகம் எல்லாம் சொல்கிறார்கள். அந்தப் போனில் யாரையாவது கூப்பிட்டுப் பேசினார்களா என்று ஒருவரும் சொல்லவில்லை. என் கருத்து இதுதான்: எல்லாப் போனிலும் பேச்சு ஒன்றுதான், டவர்தான் முக்கியம். அதனால் விலை குறைந்ததை எடுத்துவிடலாம். சரியா?

7 ஜூன் 2025, இரவு

பாதி சரி. டவர் இல்லாத இடத்தில் எந்தப் போனும் ஒன்றும் கிழிக்காது. ஆனால் டவர் முழுதாக இருக்கும் இடத்திலேயே ஒரு போனில் பேசினால் எதிராளி "என்னது, என்னது" என்கிறார், இன்னொன்றில் பேசினால் ஒழுங்காகப் பதில் சொல்கிறார். பொள்ளாச்சியில் சில வருஷம் செல்போன் கடை வைத்திருந்தேன். டச் போனவர்களைவிட "பேசறது கேக்கலீங்க" என்று செட்டை நீட்டியவர்கள்தான் அதிகம்.

குற்றம் போன் மேலா டவர் மேலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி: ஒரே சிம்மை இரண்டு போனிலும் மாற்றிப் போட்டு, ஒரே இடத்தில் நின்று, ஒரே ஆளைக் கூப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் போன். தெரியாவிட்டால் டவர். கடைக்காரர்கள் இதைச் செய்வதில்லை, நேரம் ஆகும். வீட்டில் செய்யலாம்.

இன்னொரு விஷயம், பலருக்கு இது தோன்றுவதே இல்லை. உங்கள் போனின் பேச்சுத் தரத்தில் பாதியை நீங்கள் கேட்கவே முடியாது. உங்கள் காதில் விழுவது எதிராளி போனின் மைக் பிடித்த குரல். உங்கள் மைக்கின் லட்சணம் அவருக்குத்தான் தெரியும். "கால் குவாலிட்டி சூப்பர்" என்று ஒருவர் தனியாக மேஜை முன் உட்கார்ந்து சொன்னால், அவர் நண்பருடைய போனைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போனைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும்.

8 ஜூன் 2025

விலை குறைந்ததை எடுப்பதற்கு முன்னால் எந்த சிம் என்று சொல்லுங்கள். ஜியோ என்றால் பழைய 2ஜி பட்டன் போன் வேலையே செய்யாது. 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே அவர்கள் 4ஜி மட்டும்தான், பேச்சும் அதிலேயே போகும். 4ஜி பட்டன் போன் தனியாக இருக்கிறது, பெட்டியில் வோல்டே (VoLTE, பேச்சும் 4ஜியிலேயே போகும் வசதி) என்று போட்டிருக்கும். ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) இரண்டிலும் 2ஜி இன்னும் ஓடுகிறது, அதனால் பழைய செட்டும் பேசும்.

பேசும், ஆனால் எப்படிப் பேசும் என்பது வேறு. 2ஜி அழைப்பு குரலில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பும். வோல்டேயில் சாதாரணமாக 7000 வரை போகும். ச, ஸ, ஷ மாதிரி உரசும் ஒலிகளின் உயிர் அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. வயதானவர்களுக்குக் காது முதலில் மங்குவதும் அந்த மேல் ஒலிகளில்தான். அதனால் பேசுவதற்கு மட்டும் போன் கேட்கிற அம்மாவுக்குத்தான் வோல்டே அவசியம், வீடியோ பார்க்கும் மகனுக்குக்கூட அந்த அளவுக்கு இல்லை. இரண்டு முனையிலும் வோல்டே இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஒரு பக்கம் 2ஜி என்றால் மொத்தப் பேச்சும் அந்தக் குறுகலுக்கு இறங்கிவிடும்.

நான் செய்யும் சோதனை: அடுத்த அறையிலிருந்து ஒருவர் போனில் பெயர்களைச் சொல்ல வேண்டும், கேட்பவர் எழுத வேண்டும். கீதா, சீதா, நீதா. சாந்தி, காந்தி. ரமா, உமா, ஹேமா. அப்புறம் ஒரு பத்து இலக்க எண். எழுதியதை ஒத்துப் பாருங்கள். "நல்லா கேக்குது" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். நம் ஊரில் மரியாதைக்கு எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

8 ஜூன் 2025, சிறிது நேரம் கழித்து

பட்டியலில் வாந்தியையும் சேர்க்கச் சொன்ன மதுரை நண்பருக்கு: சேர்த்தாயிற்று.

11 ஜூன் 2025

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை என்று கேட்டிருக்கிறார்கள்.

போனைக் காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும். அணையாவிட்டால் கன்னம் பட்டு மியூட் ஆகும், ஹோல்டுக்குப் போகும், சமயத்தில் கான்ஃபரன்ஸில் வேறு யாரோ நுழைவார்கள். விலையைக் குறைக்க இதற்கான தனி சென்சாரை விட்டுவிட்டு மென்பொருளால் சமாளிக்கும் போன்கள் இருக்கின்றன. அவற்றில் சில தடுமாறும். ஒரு அழைப்பு போட்டு, காதில் வைத்து, எடுத்து, திரும்ப வைத்துப் பாருங்கள். டெம்பர் கிளாஸ் ஒட்டிய பிறகு இன்னொரு முறை. ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும் கிளாஸ்கள் சென்சாரை மறைத்துவிடும்.

இயர்பீஸ் சத்தத்தை முழுதாக வைத்து, கடை வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்து நின்று பேசுங்கள். உள்ளே ஏசியில் எல்லாப் போனும் நன்றாகத்தான் கேட்கும்.

ரிங் சத்தம். பட்டன் போன்கள் இதில் ராஜா. பக்கத்து வீட்டுக்காரர் வந்து "உங்க போன் அடிக்குது" என்பார். மெல்லிய டச் போன்களில் ஸ்பீக்கர் கீழ் ஓரத்தில் இருக்கும், சட்டைப் பையில் தலைகீழாக விழுந்தாலே சத்தம் அமுங்கிவிடும். அம்மா போனை எங்கே வைப்பார் என்று யோசியுங்கள். எங்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்கு மேல்.

வைஃபை வழி அழைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்தார்கள். தடித்த சுவர் வீடுகளில் இது பெரிய உபகாரம். ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் இயக்கி, சாதாரண அழைப்பு போடுங்கள். அழைப்பு போய்ச் சேர்ந்தால் வசதி இருக்கிறது. விற்பனையாளர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவருக்கு அதற்கும் வாட்ஸப் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம்.

15 ஜூன் 2025

மெசேஜுக்கு வருவோம். இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம், யாரும் கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழில் தட்டினால் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட், ஆக 70. அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டுவதற்கான தகவலுக்கும் இடம் வேண்டும், அதனால் துண்டுக்கு 67தான்.

இந்த 70ஐ நம் எழுத்துக் கணக்கில் எண்ணாதீர்கள். கி என்பது நமக்கு ஓர் எழுத்து, போனுக்கு இரண்டு: க, அப்புறம் கொக்கி. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. ஸ்ரீ நான்கு. ஓர் உதாரணம்:

"தம்பி நான் பஸ் ஏறிவிட்டேன். ராத்திரி சாப்பாடு வேண்டாம். கதவைப் பூட்டாதே."

நம் கணக்கில் 33 எழுத்து. போன் கணக்கில் 61. எட்டு இடைவெளி, மூன்று முற்றுப்புள்ளி சேர்த்தால் 72. இரண்டு மெசேஜ் ஆகிவிட்டது. முற்றுப்புள்ளிகளை எடுத்தால் 69, ஒன்றிலேயே அடங்கும். நம் ஆட்கள் மெசேஜில் முற்றுப்புள்ளி வைக்காமல் எழுதுவதை இனி யாரும் கிண்டல் செய்ய வேண்டாம்.

நீளமான ஆங்கில மெசேஜுக்கு நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தோ, ஒரு சிரிப்புப் பொம்மையோ போட்டாலும் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கும். நாளுக்கு 100 எஸ்எம்எஸ் தரும் பேக்கில் துண்டுகள் தனித்தனியாகக் கழியும்.

அதனால் போனைச் சோதிக்கும்போது தட்டும் பெட்டியின் ஓரத்தில் எண்ணிக்கை காட்டுகிறதா என்று பாருங்கள். சில செயலிகள் காட்டும், சில கடைசிக் கொஞ்சம் எழுத்து இருக்கும்போது மட்டும் காட்டும், சில வாயே திறக்காது.

15 ஜூன் 2025, இரவு

தரநிலைகளைப் படித்திருக்கும் ஒருவர் "தமிழுக்கு ஏழு பிட் அட்டவணை இருக்கிறதே" என்று பிடித்துவிட்டார். இருக்கிறது. இந்தி, வங்காளம், தெலுங்கு, தமிழ் உட்பட நம் மொழிகள் பலவற்றுக்கு 3ஜிபிபி என்ற உலகளாவிய மொபைல் தரநிலையில் தனி அட்டவணை உண்டு. அதைப் பயன்படுத்தினால் தமிழிலும் 150க்கு மேல் கொள்ளும். ஆனால் அனுப்பும் போன், வாங்கும் போன் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் கைக்கு வந்த போன்கள் எல்லாம் 70தான் காட்டின. காகிதத்தில் உள்ள வசதி வேறு, கையில் உள்ள வசதி வேறு.

16 ஜூன் 2025

"இந்தக் காலத்தில் எஸ்எம்எஸ் யார் அனுப்புகிறார்கள்?"

அனுப்புவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். வருகிறது. ரேஷன் கடையில் வாங்கியதும் வருகிறது, கரண்ட் பில் வருகிறது, சிலிண்டர் வருகிறது, வங்கியிலிருந்து வருகிறது, ஓடிபி வருகிறது. அம்மாவின் எஸ்எம்எஸ் பெட்டி இன்று வீட்டுக்கான தபால் பெட்டி. ஆகவே அனுப்புவதைவிட வாசிப்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

முதலில், தமிழ் தெரிகிறதா? மலிவு பட்டன் போன்களில் தமிழ் மெனு இருக்கும், ஆனால் வந்த தமிழ் மெசேஜ் கட்டம் கட்டமாக நிற்கும். அல்லது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கடையிலேயே உங்கள் போனிலிருந்து "கொய்யா, பௌர்ணமி, ஸ்ரீரங்கம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பித் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்கார்ந்தால் மற்றதெல்லாம் உட்காரும்.

இரண்டாவது, எழுத்தைப் பெரிதாக்கினால் மெசேஜ் பெரிதாகிறதா, அல்லது மெனு மட்டுமா?

மூன்றாவது, அனுப்பியவர் பெயர் முழுதாகத் தெரிகிறதா? இந்த வருஷம் மே முதல் வணிக மெசேஜ்களின் தலைப்பில் கடைசியாக ஒரு கோடு போட்டு ஆங்கில எழுத்து ஒன்று வருகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்" என்று வந்தால் அது மோசடி என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த ஒற்றை எழுத்து உதவுகிறது. சின்னத் திரையில் தலைப்பே பாதியில் வெட்டுப்பட்டால் என்ன பிரயோஜனம்?

18 ஜூன் 2025

1100 மீண்டும் வராதா என்று ஏங்குபவர்களுக்கு. நோக்கியா 1100 வந்தது 2003இல், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது, டார்ச் இருந்தது, விழுந்தால் தரைக்குத்தான் சேதம். எல்லாம் உண்மை. அதில் சேமிக்கக்கூடிய பெயர்கள் 50. இன்றைக்கு உங்கள் வீட்டு பிளம்பர்களே ஐந்தாறு பேர் இருப்பார்கள்.

பழைய போன் நினைவுகளில் எனக்குப் பிடித்தது வேறு. 2005 பொங்கலுக்கு சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் செல்லினம் வெளியானது, பட்டன் போனிலேயே தமிழில் தட்டி எஸ்எம்எஸ் அனுப்ப முடிந்தது. இன்று திரையில் விரலை வைத்தால் தமிழ் ஓடுகிறது, ஆனாலும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள். சரி, 160 கிடைக்கிறதே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

29 ஜூன் 2025

கூப்பிட்டதும் ஒலித்த அந்த சைபர் மோசடி எச்சரிக்கை ஒருவழியாக நின்றுவிட்டது. அவசரமாக ஆட்டோக்காரரைக் கூப்பிடும்போது அமிதாப் பச்சன் குரல் முழுதாக முடியும்வரை காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் வாழ்த்து. 2020 மார்ச்சில் இருமலோடு தொடங்கிய கொரோனா அறிவிப்பு நினைவிருக்கிறதா? அப்போது கடைக்கு வந்த ஒரு பெரியவர் "போனுக்கே சளி பிடிச்சிருச்சுங்க" என்றார், சிரிக்காமல்.

12 ஜூலை 2025

பெயர் சேமிப்பது பற்றிப் பலர் கேட்டார்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், தினசரி உபயோகத்தில் இதுதான் பெரியது.

தமிழில் சேமித்த பெயர்கள் பட்டியலில் ஆங்கிலப் பெயர்களுக்குப் பின்னால் போய் நிற்கும். பட்டன் போனில் எண்களைத் தட்டித் தேடினால் தமிழ்ப் பெயர் சிக்காது. அம்மாவுக்கு முக்கியமானவர்கள் ஆறேழு பேர்தான் இருப்பார்கள். டச் போன் என்றால் அவர்களின் படத்தை முகப்புத் திரையிலேயே வைத்துவிடுங்கள், தொட்டால் நேராக அழைப்பு போகும்படி வைக்க ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது. பட்டன் போன் என்றால் எண்ணை அழுத்திப் பிடித்தால் அழைக்கும் வசதி: 2 மகன், 3 மகள். ஆனால் 5, 9 இரண்டையும் விட்டுவிடுங்கள். 2017 முதல் விற்கும் போன்களில் அவசர அழைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் 112க்குப் போகும். டச் போனில் பவர் பட்டனை மூன்று முறை வேகமாக அழுத்துவது என்று விதி, பின்னால் வந்த சில போன்களில் ஐந்து முறை. பெரியம்மாவை 5இல் வைத்துவிட்டு காவல்துறையோடு பேச வேண்டாம்.

அழைப்பவர் பெயரைப் போனே உரக்கச் சொல்லும் வசதி கண்ணாடி தேடும் வயதில் அருமை. ஆனால் பெயரை ஆங்கில எழுத்தில் சேமித்திருந்தால் அது ஆங்கில நாக்கில் சொல்லும். எங்கள் முருகேசன் மாமா ஏதோ வெள்ளைக்கார துரை மாதிரி அறிவிக்கப்படுகிறார். தமிழில் சேமித்து, தமிழ்க் குரலையும் இறக்கி வைத்தால் சரியாகிறது. அப்போது வரிசை பிரச்சினை திரும்பி வரும். எது தேவலை என்று வீட்டுக்கு வீடு மாறும். என் ஓட்டு தமிழுக்கு.

20 ஜூலை 2025

ஆடி பிறந்துவிட்டது. மைக் சோதனைக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது.

எங்கள் ஊர் உடுமலைக்குப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும் பாதை, சுற்றிலும் காற்றாலை. இந்த மாதங்களில் அம்மா வாசலில் நின்று பேசினால் எனக்குக் கேட்பது காற்று மட்டும். "கண்ணு, நீ பேசறது நல்லாத்தான் கேக்குது, உனக்கு என்னாச்சு?" என்பார். அவர் காதில் என் குரல் சுத்தமாக விழுகிறது, என் காதில் ஒன்றுமில்லை. முதல் குறிப்பில் சொன்ன சங்கதிதான்.

காற்று மைக் துளையில் நேராக மோதுவதால் வரும் இரைச்சல் இது. பஸ் சத்தம், கூட்டத்தின் சத்தம் வேறு வகை. பல டச் போன்களில் கீழே ஒரு மைக், மேலேயோ பின்னாலோ இன்னொரு மைக் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, தூரத்துச் சத்தத்தைக் கழித்து, வாய்க்கு அருகில் உள்ள குரலை மட்டும் அனுப்பும். கோவை காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினால் இந்த வித்தை அழகாக வேலை செய்கிறது, பக்கத்தில் கண்டக்டர் கத்துவதுகூட எதிரே கேட்பதில்லை. உடுமலைக் காற்றில் திணறுகிறது. பேக் கவர் அந்த மேல் துளையை மூடியிருந்தால் காந்திபுரத்திலும் திணறும். கவர் வாங்கும்போது துளைக்கு நேரே ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

22 ஜூலை 2025

மேலே எழுதியதைப் பற்றி இன்னொரு யோசனை. இரண்டு மைக் இருந்தால் நல்லது என்று படிப்பவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஏற்பாடு போனை நாம் ஒழுங்காகப் பிடிப்போம் என்று நம்புகிறது. கீழ் மைக் வாயருகே, மேல் மைக் தள்ளி. பெரியவர்கள் அப்படிப் பிடிப்பதில்லை. காதுக்கு மேலே வைத்து, கீழ் முனையைக் கன்னத்திலிருந்து விலக்கி, சமயத்தில் முகத்துக்கு நேரே பிஸ்கட் மாதிரி நீட்டிப் பேசுவார்கள். அப்போது இரண்டு மைக்குக்கும் குரல் ஏறக்குறைய ஒரே அளவில் போகும். போன் அதைத் தூரத்துச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். "அம்மா குரல் விட்டு விட்டுக் கேட்கிறது, டவர் பிரச்சினை" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

அதனால் பெரியவர்களுக்கான போனை நீங்கள் பேசிச் சோதிக்காதீர்கள். அவர்களையே, அவர்கள் பிடிக்கிறபடியே பேசவிட்டு, நீங்கள் அடுத்த முனையில் கேளுங்கள். பிடிப்பதைத் திருத்தவும் வேண்டாம், நாளைக்கே பழையபடி பிடிப்பார்கள். இப்படிப் பார்த்தால் ஒற்றை மைக் பட்டன் போன் சில வீடுகளில் ஜெயிக்கும்.

31 ஜூலை 2025

இன்றோடு 30 வருஷம். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார், இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு. அன்று நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வரும் அழைப்புக்கும் சேர்த்து. வரும் அழைப்பு இலவசமானது 2003 மே மாதம்தான். நம் ஆட்களின் மிஸ்டு கால் இலக்கணமெல்லாம் காசை எண்ணிய அந்தக் காலத்தில் வளர்ந்தது: ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. எந்தப் போன் கம்பெனியும் தராத வசதி.

அம்மா இன்னும் ஒரு ரிங்கில் வைத்துவிடுகிறார். அன்லிமிடெட் பேக்தான் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் "இருக்கட்டும்" என்கிறார்.

பேக் என்றதும் ஒன்று: டேட்டா வேண்டாத பெரியவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. வவுச்சர்களின் காலவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக நீட்டியது. செயலியில் முன்னால் காட்டமாட்டார்கள், தேடி எடுக்க வேண்டும்.

3 ஆகஸ்ட் 2025

இரண்டு சிம் பற்றி. "ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருந்தேன், இன்னொன்றுக்குக் கூப்பிட்டவர் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்ததாகச் சண்டை போடுகிறார்" என்று திருப்பூர் நண்பர். சாதாரண இரட்டை சிம் போன்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும், மற்றது காத்திருக்காது, காணாமல் போய்விடும். கடையில் இரண்டு சிம்மையும் போட்டு, ஒன்றில் பேசியபடி இன்னொன்றுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். சில போன்களில் வெயிட்டிங் வரும், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், குறிப்பாகக் கடை வைத்திருப்பவர்கள்.

ஒரு சிம் கிடைக்காவிட்டால் மற்றதற்குத் திருப்பிவிடலாம், போனின் அழைப்பு அமைப்புகளுக்குள் போய் நீங்களே செய்யுங்கள். யாராவது போனில் கூப்பிட்டு "ஸ்டார் 401 போட்டு இந்த நம்பரை அடியுங்கள்" என்றால் அடிக்க வேண்டாம். உங்கள் அழைப்புகள் அவன் போனுக்குப் போகும், ஓடிபியைக் குரலில் சொல்லும் அழைப்பு உட்பட. இந்த மோசடிக்காகவே அந்தக் குறியீட்டு வழியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. காசு போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள்.

9 ஆகஸ்ட் 2025

ஷார்ஜாவிலிருந்து ஒருவர்: "எங்களுக்கு வாட்ஸப் காலே கிடையாது, நீங்கள் மைக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள்." நியாயம். அமீரகத்தில் அனுமதி பெற்ற சில செயலிகளில்தான் இணைய அழைப்பு, பலர் போட்டிம் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாட்ஸப் குரல் மெசேஜ் அங்கும் போகும். வெளிநாட்டில் பிள்ளை உள்ள அம்மாக்களுக்கு இதைத்தான் முதலில் சோதிப்பேன். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பேசுவது வயதான விரலுக்குக் கஷ்டம், பாதியில் நழுவும். அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அதைப் பழக்குங்கள். வந்த குரல் மெசேஜை ஓட விட்டுக் காதில் வைத்தால் ஸ்பீக்கரிலிருந்து இயர்பீஸுக்கு மாற வேண்டும். சென்சார் சரியில்லாத போனில் மாறாது, மருமகள் பற்றிய பேச்சு கூடம் முழுக்க ஒலிக்கும்.

10 ஆகஸ்ட் 2025

அழைப்புப் பதிவு கேட்டவருக்கு. டாக்டர் சொன்னதை அப்பா மறந்துவிடுகிறார் என்பது நல்ல காரணம். கூகுளின் போன் செயலி உள்ள செட்களில் பதிவு தொடங்கியதும் இரு பக்கமும் அறிவிப்பு ஒலிக்கும். வேறு செயலி இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற வழியை கூகுள் 2022 மேயில் ஏறக்குறைய அடைத்துவிட்டது. ஐபோனில் 2024 அக்டோபரில் பதிவு வந்தது, அதுவும் அறிவித்துவிட்டுத்தான். அறிவிப்பு வருவது எனக்குச் சரியாகவே படுகிறது. டாக்டரிடம் "பதிவு பண்ணிக்கறேங்க" என்று நாமே சொல்லிவிட்டால் அவரும் கொஞ்சம் நிதானமாகச் சொல்வார்.

17 ஆகஸ்ட் 2025

கதிர்வீச்சு பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்டார் ஹேஷ் 07 ஹேஷ் அடித்தால் போனின் சார் அளவு (SAR, போனின் ரேடியோ அலையில் உடம்பு உறிஞ்சும் சக்தி) வரும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியில். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் அதிக சக்தியில் அனுப்பும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அங்கே ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள்.

நாகர்கோவில்காரர் ஆரல்வாய்மொழிக் காற்றில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அங்கே நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, உடுமலையைவிட மோசம். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள், மைக் உடம்பின் மறைவில் வரும். வயர் இயர்போனில் மைக் கழுத்தருகே தொங்கும், முந்தானைக்குள் விட்டுக்கொண்டால் இரைச்சல் நன்றாகக் குறைகிறது. சேலை உரசும் சத்தம் கொஞ்சம் வரும், ஆனால் அதற்கு நடுவே பேச்சு புரிகிறது. கழுத்துப் பட்டை புளூடூத் மாடல்களில் காற்றுக்கு எது தேவலை என்று யாராவது இந்த மாதமே போட்டுப் பார்த்து எழுதினால் உதவும். ஐப்பசியில் எழுதினால் காற்று இருக்காது.